வோர்ம்ஸ் என்னும் குடிப்பெயர்

நுவரெலியா செல்லும் வழியில், புசல்லாவையிலுள்ள றொத்சைல்ட் தோட்டத்தை உண்டாக்கியோர் றொத்சைல்ட் குடியினர் அல்லர், வோர்ம்ஸ் குடியினர். ஜேர்மனியில், இரைன் நதிக்கரையிலுள்ள வோர்ம்ஸ் நகரே அக்குடிக்குப் பெயர் தந்தது. ஊர்ப்பெயரைத் தம் பெயர்க்கு முன் வைக்கும் தமிழர்க்கு இவ்வழக்கம் புதிதன்று.

பிராங்போட் நகரில் வாழ்ந்த அந்த யூதக் குடியினரான மொறிஸ், கேபிரியேல் என்னும் உடன்பிறந்தார் இலண்டன் வழியாக இலங்கை வந்து கோப்பி பயிரிட்டனர். 1841ஆம் ஆண்டளவில் சீனத் தேயிலைக் கன்றுகளையும் நட்டனர். ஜேம்ஸ் தெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதோ 1867இல்! தோட்டத்திற்கு அவர்கள் இட்டது தம் தாயின் பிறந்தகப் பெயர். செங்கேடயம் எனப் பொருள்படும் அப்பெயரும் பிராங்போட் யூதர் தெருவில் ஒரு வீட்டின் அடையாளத்திலிருந்து பிறந்ததே. 1865இல் தோட்டங்களை விற்று அவர்கள் நீங்கினர், பெயர் நீங்கவில்லை.

அங்குக் கோப்பி பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தோரும் ஊர்ப்பெயர் உடையவரே. அவற்றுள் ஒன்றும் அத்தோட்டத்திற்குப் பெயராகவில்லை.