கரிக்கோச்சியின் கடைசி இரவுகள்

ஒரு யுகம் முடிவதை நிழற்படத்தில் பிடிக்க முடியுமா? நியூயோர்க் நகரத்து விளம்பரப் படப்பிடிப்பாளர் வின்ஸ்டன் லிங்க் அதற்குத் துணிந்தார். 1955 ஜனவரியில் தொழில் நிமித்தம் வேர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டோன்டன் நகருக்குச் சென்றவர், அண்மையிலுள்ள வேய்ன்ஸ்போரோ நிலையத்தில் நோர்போக் அன்ட் வெஸ்டேர்ன் கம்பனியின் நீராவி இயந்திரங்களைக் கண்டார். அமெரிக்காவின் ஏனைய பெரும் புகையிரதக் கம்பனிகள் அப்போது பெரும்பாலும் டீசலுக்கு மாறிவிட்டிருந்தன.

அப்பலாச்சிய மலைநாட்டில் அவர் இரவையே அதிகம் நாடினார். பகல் வெயில் தன் விருப்பப்படி விழும். இரவிலோ ஒளி முழுவதும் அவர் கையில். டசின் கணக்கான மின்வெளிச்சக் குமிழ்களைக் கம்பியால் தொடராக இணைப்பார். ஒன்று பழுதானாலும் எதுவும் எரியாது. வண்டியோ ஒருமுறைதான் கடந்து போகும்.

ஓடையில் நீராடும் சிறுவர்களும் வீட்டு முன்றிலில் அமர்ந்திருப்போரும் அப்படங்களில் உண்டு. இயந்திரங்களின் ஓசையையும் பதிவுசெய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். 1960இல் அங்கும் நீராவி ஓய்ந்தது. 2001இல் லிங்க் மறைந்தார். 2004இல் ரோனோக் நகரின் பழைய புகையிரத நிலையத்தில் அவருக்கென அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இயந்திரத்தோடு, அதன் அருகே வாழ்ந்த மனிதரையும் சேர்த்துப் பிடித்ததனாலேயே அவை வரலாறாக நிலைத்தன.