மலைச்சரிவிற் புல்வெட்டும் பொறி

1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவிற் குடியேறத் துணிந்தார். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள அக்குளிர்ச் சமவெளியில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்கிவிட வேண்டுமென்பது அவர் எண்ணம். கால்நடைகளும், கலப்பைகளும், கொல்லனும், வண்டியோட்டியும் கப்பலில் வந்து சேர்ந்தனர். ஆனால் அவருடைய குதிரை வண்டி ஒழுங்காக மலையேறவில்லை. இறம்பொடைக் கணவாயிலே அது பாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் உருண்டது. வண்டியோட்டி உயிர் தப்பினான். நடந்ததைத் தன் எழுத்தறிவுக்கு ஏற்றவாறு ஒரு கடிதமாக எழுதி எசமானுக்கு அனுப்பினான். அக்கடிதத்தைப் பேக்கர் 1855இல் வெளியிட்ட தம் நூலிற் சேர்த்துக்கொண்டார். படிப்போர் அதைக் கண்டு நகைப்பது வழக்கம். கவிழ்ந்த வண்டியின் கீழ் அகப்பட்டிருப்பின் நகைக்க ஏதும் இருந்திராது.

மலைநாட்டிற் சக்கரத்துக்கும் சரிவுக்கும் உள்ள பகை அன்று தொட்டது. அப்பகை இருக்கையில் அமர்ந்து புல்வெட்டும் பொறியிலும் தொடர்கின்றது.

ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் புற்றரை உடன் சென்றது. நுவரெலியாவில் 1875இற் குதிரைப் பந்தயம் தொடங்கியது. 1889இற் கோல்ஃப் சங்கம் நிறுவப்பட்டது. விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாவை நினைவுகூர்ந்து 1897இற் பூங்கா ஒன்று பெயர் பெற்றது. அட்டன், திக்கோயாப் பகுதித் தோட்டங்களிலும் துரைமாரின் பங்களாக்களுக்கு முன்னாற் புற்றரைகள் விரிந்தன. லயத்து வாசலிற் புல் முளைத்தாற் சுரண்டியாற் செதுக்கி எறிந்த தொழிலாளருக்கு, புல்லையே பயிராக வளர்த்து வாரந்தோறும் வெட்டும் இப்பழக்கம் விந்தையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

இதற்கான பொறி பிறந்த இடம் ஒரு நெசவாலையின் அயலாகும். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகரருகே வாழ்ந்த எட்வின் பட்டிங் என்னும் பொறியாளர், கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள மயிரை ஒரே மட்டமாகக் கத்தரிக்கும் உருளையைக் கண்டு, அதே முறையிற் புல்லையும் கத்தரிக்கலாமென எண்ணினார். 1830இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நாட்டுப்புறக் கனவான்களுக்கு இது நல்ல தேகப்பயிற்சி ஆகுமெனவும் அவர் எழுதிவைத்தார். பின்வந்தோர் தேகப்பயிற்சியை விரும்பவில்லை போலும். முதலில் மட்டக்குதிரையைப் பூட்டினார்கள். குளம்பு தரையைக் குழியாக்காதிருக்க அதற்குத் தோற்காலணியும் அணிவித்தார்கள். 1893இல் நீராவியும், 1902இற் பெற்றோலும் வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில், சிறிய உழவு இயந்திரம் போன்ற பொறியின் மேல் மனிதன் ஏறி அமர்ந்துகொள்வது பரவலாயிற்று. அதற்குள் வெட்டும் முறையும் மாறிவிட்டது. உருளை போய், தட்டையான அலகு கிடையாகச் சுழன்றது. அவ்வலகின் முனை மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதுண்டு. அதிற் பட்ட கூழாங்கல் கல்லாக இராது, துப்பாக்கிக் குண்டாகிவிடும்.

சுழலும் இரும்பின் இயல்பை மலைநாட்டுத் தொழிலாளர் புல்வெட்டியிடம் கற்க வேண்டியிருக்கவில்லை. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் தம் பங்களாத் திண்ணையிலே கையாற் கொழுந்தை உருட்டுவித்தார். சில ஆண்டுகளிற் கையின் இடத்தைப் பொறி பிடித்தது, ஆலைகள் எழுந்தன, தண்டவாரங்களும் பற்சக்கரங்களும் ஓடின. தொழிலாளர் அச்சக்கரங்களை ரோதை என்றனர். அவற்றுக்கு ஒரு தெய்வத்தையும் கண்டனர். ரோதை முனிக்குப் பூசையிட்டு, கையும் காலும் முழுமையாக வீடு திரும்ப வேண்டினர். கவ்வாத்துக் கத்தியை எடுக்குமுன் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டனர். இதை வெறும் மூடநம்பிக்கையென ஒதுக்குவோர் உளர். ஆயினும் ஆபத்து எங்கே உறைகின்றது என்பதைத் தொழிலாளர் துல்லியமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இத்தெய்வங்களே சான்று.

சட்டம் மெல்லவே வந்தது. பிரித்தானியாவில் ஆலைச் சக்கரங்களுக்கு வேலியிடும் கட்டாயம் 1844இல் ஏற்பட்டது. இலங்கையில் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் 1934இலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலும் பிறந்தன. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு வேண்டுமென்பதே இவற்றின் சாரம். ஆலைப் பொறி நின்ற இடத்தில் நிற்பதால் வேலியிடல் எளிது. புல்வெட்டியோ வேலியைத் தாண்டி வெளியே வந்துவிட்ட ஆலை, ஓடிக்கொண்டே வெட்டுவது. ஆகவே அதன் பாதுகாப்பைப் பொறிக்குள்ளேயே அமைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1982இல் நடைமுறைக்கு வந்த விதி, நடந்து தள்ளும் பொறியின் கைப்பிடியை விட்டதும் 3 வினாடிக்குள் அலகு நின்றாக வேண்டுமென்றது. அமர்ந்தோட்டும் பொறியில், ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் அலகை நிறுத்தும் ஆளி இருக்கைக்கு அடியில் உண்டு. வேலை விரைவாக நடக்கட்டுமென்று அந்த ஆளியைக் கம்பியாற் கட்டிவைப்போரும் உண்டு. அவர்கள் சிக்கனப்படுத்துவது சில நிமிடங்களையே.

கவிழ்தல் வேறு விடயம். அதை எந்த ஆளியும் தடுக்காது. சரிவிற் பொறியின் பாரம் கீழ்ப்பக்கச் சக்கரங்களின் மேற் சாய்கின்றது; அச்சாய்வு சக்கரங்களைக் கடந்தால் பொறி புரளும்; அமர்ந்தவர் அதன் கீழ் அகப்படுவார். சுவீடன் நாடு 1959இற் புதிய உழவு இயந்திரங்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. இருக்கைக்குப் பின்னே நிற்கும் அவ்விரும்பு வளைவு, பொறி புரண்டாலும் மனிதனுக்குச் சிறிது இடம் விட்டுவைக்கும். வளைவு இருக்கும் பொறியில் இடைப்பட்டியும் அணிதல் வேண்டும். வளைவு இல்லாததில் இடைப்பட்டி மனிதனைப் பொறியோடு பிணைத்துவிடும் என்பதால் அது கூடாது.

பொதுவாக 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் இப்பொறியை ஓட்டலாகாதென்பர். அதற்குட்பட்ட சரிவிலும் குறுக்கே ஓட்டாது, மேலும் கீழுமாகவே ஓட்ட வேண்டும். நடந்து தள்ளும் பொறிக்கு முறை நேர்மாறு: ஆள் வழுக்கினால் அலகின் கீழ் கால் போகாதிருக்க, அதைக் குறுக்கேதான் செலுத்துவர். சரிவின் நடுவே திரும்புதலும், திடீரெனப் புறப்படுதலும், கியரை விலக்கி உருளவிடுதலும் ஆபத்து. பின்னோக்கிச் செல்லுமுன் அலகை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். சிறுவர் பலர் இவ்வாறே அகப்பட்டுள்ளனர். நுவரெலியாவிலோ காலைப் பனியும் தூறலும் புல்லை நனைத்தபடி இருக்கும். ஈரப்புல்லிற் சக்கரம் பிடியை இழக்கும். உலர்ந்த நாளிற் பாதுகாப்பான சரிவு அன்று பாதுகாப்பானதன்று. கானின் விளிம்பும் அத்தகையதே: மேலே உறுதியாகத் தோன்றும் மண், பொறி ஏறியதும் சரியும்.

ஆதலால் தேயிலை மலைகளுள் இப்பொறி நுழையவே இல்லை. செங்குத்தான நிரைகளிலே புல்லுவெட்டு நெடுங்காலம் சுரண்டியாலும் கையாலும் நடந்தது. பின்னர் களைகொல்லி வந்தது. 2015இற் கிளைபோசேற்றுக்கு இலங்கை தடை விதித்தது. 2018இலே தேயிலைக்கும் இறப்பருக்கும் அது தளர்த்தப்பட்டது. தோளில் மாட்டும் புல்வெட்டியும் இன்று மலைகளில் ஒலிக்கின்றது. அதற்கு இருக்கையில்லை, கவிழவும் செய்யாது. ஆனால் கல் தெறிக்கும். கண்ணாடியும் காற்காப்பும் அணிந்து, 15 மீற்றருக்குள் வேறெவரும் நில்லாதவாறு பார்த்துக்கொள்வது அதன் விதி. ஒரே மலையிற் கொழுந்து பறிப்போரும் புல் வெட்டுவோரும் அருகருகே நிற்கையில், அந்த 15 மீற்றரை அளந்து காப்பது மேற்பார்வையாளரின் கடமையாகும்.