நீரின் வாட்டமும் தோட்டத்தின் வடிவும்: முகலாயர் கால சஹார்பாக் அமைப்பு

முகலாயத் தோட்டங்களின் அடிப்படை, சஹார்பாக் எனப்படும் நாற்கூற்று அமைப்பு. மதில் சூழ்ந்த நிலம், நடுவில் ஒன்றையொன்று வெட்டும் இரு வாய்க்கால்கள், அவற்றால் பிரிபடும் நான்கு பரப்புகள்: இவ்வளவே அதன் இலக்கணம். திருக்குர்ஆன் கூறும் சொர்க்கத்து ஆறுகளோடு இணைத்து இதற்குப் பொருள் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவ்விளக்கம் தவறன்று. ஆனால், ஒரே கருத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் தோட்டங்கள் தில்லியிலும் காஷ்மீரிலும் ஆக்ராவிலும் ஏன் இவ்வளவு மாறுபடுகின்றன என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. நீர் தோட்டத்துக்குள் எங்கே நுழைகிறது, எத்தனை வாட்டத்தில் இறங்குகிறது என்று பார்த்தால் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது.

வாய்க்கால் கட்டிய அரசத் தோட்டம் இஸ்லாத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் சைரஸ் மன்னன் பசர்காடேயில் அமைத்த தோட்டத்தின் கல் வாய்க்கால்களை அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. அங்கே நாற்கூற்று அமைப்பு இருந்தது என்பது அகழாய்வாளர் டேவிட் ஸ்ட்ரோனாக்கின் கருத்து. அதை ஏற்காதோரும் உண்டு. மழை குறைந்த நிலத்தில் வாய்க்கால் நேராக இருப்பதும், பாத்தி அதைவிடத் தாழ்ந்திருப்பதும் பாசனத்தின் தேவைகள். முகலாயத் தோட்டத்தின் உயர்ந்த கல் நடைபாதை, வயல் வரப்பின் அரச வடிவமே: பாத்திகளில் நீர் தேங்கி நிற்கையிலும் நடப்பவர் கால் நனையாது.

பாபர் மலைச்சரிவுத் தோட்டங்களுக்குப் பழகியவர். காபூலுக்கு வடக்கே இஸ்தாலிஃபில் வளைந்தோடிய ஓடையை நேராக்கச் செய்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். 1526இல் ஆக்ராவுக்கு வந்ததும் அவர் முறையிட்ட குறைகளில் ஒன்று, இந்துஸ்தானத்தில் ஓடும் நீர் இல்லை என்பது. யமுனையின் மறுகரையில் அவர் முதலில் வெட்டச் செய்தது கிணறு. மலையில் தானாக வந்த நீரைச் சமவெளியில் இறைத்துத்தான் கொணர வேண்டியிருந்தது. இந்தியாவில் முகலாயத் தோட்டக் கலை இந்த இடரிலிருந்து தொடங்குகிறது.

தில்லியில் 1560களில் எழத் தொடங்கிய ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் அந்த இடருக்கான விடையைக் காணலாம். நான்கு பெரும்பரப்புகளும் ஒவ்வொன்றும் ஒன்பதாகப் பகுக்கப்பட்டு 36 சதுரங்கள் ஆகின்றன. நடு நான்கில் கல்லறை நிற்கிறது. நிலம் தட்டை, நீர் கிணற்று நீர். வாய்க்கால்கள் ஒடுக்கமானவை. 1997க்கும் 2003க்கும் இடையே ஆகா கான் அறக்கட்டளை அவற்றைச் சீரமைத்தபோது 40 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற நுண்ணிய வாட்டத்தில் கற்களைப் பதிக்க வேண்டியிருந்தது. நாற்கூற்று அமைப்பு இங்கே குறைவற நிறைவேறியதற்குக் கருத்தின் வலிமை மட்டும் காரணமன்று. எத்திசையிலும் நிலம் அதற்கு இடையூறு செய்யவில்லை.

காஷ்மீரில் நிலம் இடையூறு செய்தது. ஜஹாங்கீர் காலத்தில், 1619 அளவில் தொடங்கிய ஷாலிமாரில் ஒரே பெரும் வாய்க்கால் மலையடியிலிருந்து தால் ஏரியை நோக்கி இறங்குகிறது. சரிவு மென்மையானது, ஆகவே அகன்ற படித்தளங்களில் குறுக்கு வாய்க்கால்களுக்கு இன்னும் இடம் இருந்தது. ஆசஃப் கான் 1633இல் அமைத்த நிஷாத் பாக்கில் சரிவு கடுமை. பன்னிரண்டு படித்தளங்கள் ஏரியிலிருந்து மலை நோக்கி ஏறுகின்றன. நாற்கூற்று கரைந்து, நடுவாய்க்கால் ஒன்றே அச்சாக மிஞ்சுகிறது. தோட்டத்தின் அழகும் அதிலேயே குவிகிறது. படிக்குப் படி நீர் விழும் இடங்களில் வரிவரியாகச் செதுக்கிய சாய்கற்கள் அதை நுரைக்கச் செய்கின்றன. ஷாலிமாரில் அருவித் திரைக்குப் பின்னே மாடக்குழிகளும் உண்டு. அக்காலத்தில் இரவில் அவற்றில் விளக்கு வைத்தனர். சமூகப் படிநிலையும் நீரின் போக்கைப் பின்பற்றியது: ஷாலிமாரின் கீழ்த்தளம் பொதுச் சபைக்கு, நடுத்தளம் பேரரசருக்கு, ஊற்றுக்கு அண்மையான மேல்தளம் அந்தப்புரத்துக்கு.

சமய விளக்கம் மிகவும் வலுவாக எடுபடும் இடம் தாஜ்மகால். வாயிலில் பொறித்த திருக்குர்ஆன் வசனங்கள் ஆன்மாவைச் சொர்க்கத்துக்குள் அழைக்கின்றன. 1979இல் வெய்ன் பெக்லி, கல்லறையை இறுதித் தீர்ப்பு நாளின் இறை அரியணையாகவே வாசித்தார். எனினும் கல்லறை தோட்டத்தின் நடுவில் இல்லை, வடகோடியில் ஆற்றங்கரை மேடையில் நிற்கிறது. எப்பா கோக் காட்டியதுபோல, ஆக்ராவில் யமுனையின் இரு கரையிலும் நிரையாக இருந்த தோட்டங்களில் தலைமைக் கட்டடம் ஆற்றை ஒட்டியே அமைந்தது. தாஜ் அந்த நகர வழக்கின் உச்சம். இறையியல் பொருளை மறுக்க இது போதாது. கட்டடம் நிற்கும் இடத்தை இறையியல் தீர்மானிக்கவில்லை என்று சொல்லப் போதும்.

இங்கே நீர் யமுனையிலிருந்து மாடு பூட்டிய கவலையால் மேலேற்றப்பட்டு, உயர்ந்த தொட்டிகளில் சேர்ந்து, மண்ணுக்கடியில் குழாய் வழியே இறங்கியது. நீர்த்தாரைகளின் அடியில் செப்புக் கலங்கள் புதைக்கப்பட்டன. அவை நிரம்பிய பின்னரே நீர் எழுந்ததால் எல்லாத் தாரைகளும் ஒத்த உயரத்தில் பாய்ந்தன. ஆற்றை நம்பிய தோட்டத்துக்கு ஆறே பகையாவதும் உண்டு: மறுகரை மஹ்தாப் பாக் வெள்ளத்தில் மூழ்கியதை ஔரங்கசீப் 1652இல் தந்தைக்கு எழுதினார். இன்று தாஜ் முன் விரிந்திருக்கும் புல்வெளி கர்சன் பிரபு காலத்து ஆங்கில ரசனை. கட்டடத்தை மறைத்த மரங்கள் விலக, காட்சி வென்றது, தோப்பு தோற்றது.

லாகூர் ஷாலிமார் (1641–42) இந்த வாதத்தின் கடைசிச் சான்று. மூன்று படித்தளங்களும் 410 நீர்த்தாரைகளும் கொண்ட அதற்கு, அலி மர்தான் கானின் முயற்சியால் ராவி ஆற்றிலிருந்து நூறு மைல் அளவு நீண்ட கால்வாய் நீர் கொணர்ந்தது. தாரைகளுக்கு அழுத்தம் தந்த தொட்டிகள் மதிலுக்கு வெளியே இருந்தன. தோட்டம் என்பது மதிலோடு முடிவது என்ற எண்ணத்தால் அவை காப்புக்கு உரியவையாகக் கருதப்படவில்லை. 1999இல் சாலையை அகலப்படுத்தியபோது அவற்றின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மறு ஆண்டில் யுனெஸ்கோ அத்தோட்டத்தை ஆபத்துக்குள்ளான உலக மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கிருந்து அது நீங்க 2012 வரை ஆயிற்று.