பேசாலைக் கரையில் ஒரு நெடுந்தீவு

'வாடைக்காற்று' படத்தில் நாம் பார்க்கும் கடற்கரை எது? ஈழத்துத் தமிழ்ச் சினிமாவும் தேசிய அடையாளமும் பற்றி எழுத உட்கார்ந்த என்னை இந்தக் கேள்வி மேலே நகரவிடவில்லை.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. கதைக்களம் நெடுந்தீவு. வாடை பெயர்ந்ததும் வெளியூர் மீனவர்கள் அங்கே வந்து வாடி போட்டுத் தொழில் செய்கிறார்கள். ஊராருக்கும் அவர்களுக்கும் இடையே காதலும் பகையும் மூளுகின்றன. 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில், ஏ. ஈ. மனோகரன், இந்திரகுமார், சந்திரகலா, ஆனந்தராணி நடிக்க, அது படமாயிற்று. நாவலைப் படித்தவர்களின் நினைவில் படத்தின் கரையும் நெடுந்தீவாகவே தங்கிவிட்டது.

நூலகம் இணைய ஆவணகத்தில் பழைய சஞ்சிகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். விளம்பரமும் நடிகர் பட்டியலும் நிறையவே கிடைத்தன. படப்பிடிப்பு நடந்த இடத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதவில்லை. தேடலின் முடிவில் அகப்பட்ட ஊர்ப்பெயர் பேசாலை. மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள கத்தோலிக்க மீனவர் ஊர் அது.

பேசாலைக்குப் போய்ப் பார்த்தபோது காரணம் ஓரளவு விளங்கியது. ஊர் பாக்கு நீரிணையைப் பார்த்து இருப்பதால் வாடை நேரே வந்து முகத்தில் அறைகிறது. அந்தக் காலத்தில் தலைமன்னார் ரயில் பேசாலையிலும் நின்றது. கமெராவையும் ஆள்களையும் ஏற்றிக்கொண்டு படகில் நெடுந்தீவு போவதைவிட இங்கே வருவது படக்குழுவுக்கு எளிதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். தவக்காலத்தில் திருப்பாடுகளின் காட்சியை நடித்துப் பழகிய ஊருக்கு வேடமும் வசனமும் புதிதல்ல.

படம் எடுத்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தது. இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்ட அந்தப் பத்தாண்டில், சென்னைப் படத்தின் நிழலிலிருந்து வெளியேவர இங்குள்ள தமிழ்ப் படங்கள் முயன்றன. எங்கள் பேச்சு, எங்கள் கரை, எங்கள் தொழில் திரையில் வரவேண்டும் என்ற வேட்கைக்குக் 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' மூன்றும் சாட்சி.

'பொன்மணி'யை எடுத்தவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர். அடுத்த ஆண்டே அவர் கற்பிட்டிக் கரையில் 'பம்பரு அவித்' எடுத்தார். அதிலும் வெளியார் மீனவர் கரைக்கு வருகிறார்கள், அதிலும் காதலும் பகையும். ஒரே ஆண்டில், ஒரே மேற்குக் கரையோரத்தில் இரண்டு படங்கள். இலங்கைச் சினிமா என்றால் பத்திராஜவின் படம் தவறாமல் பேசப்படுகிறது, அதற்கு முழுத் தகுதியும் உண்டு. 'வாடைக்காற்று' தமிழர் மட்டுமே நினைக்கும் படமாக ஒதுங்கிப்போனது. முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ'வை (1947) தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், அது உருவானது மதுரையில். இப்படித் தொடங்கிய சினிமாவின் வரலாற்றில் தமிழ்ப் படம் ஓரக் குறிப்பாவது சரியல்ல.

ஒரு படம் நினைவில் நிற்க அது முதலில் பாதுகாக்கப்பட வேண்டும். துருக்கியில் மெத்தின் எர்க்சான் கிராமத்துத் தண்ணீர்ச் சண்டையை வைத்துச் 'சுசுஸ் யாஸ்' எடுத்தார். 1964இல் பெர்லினில் தங்கக் கரடி வென்ற அந்தப் படம் 2008இல் செப்பனிடப்பட்டதால், அந்நாட்டின் இன்றைய தலைமுறை அதில் தன் முகத்தைப் பார்க்கிறது. யில்மாஸ் குனேயின் 'யோல்' 1982இல் கான் விழாவில் உயரிய விருதைப் பகிர்ந்துகொண்டும், 1999 வரை சொந்த நாட்டில் தடையிலிருந்தது. அதுவும் பாதுகாக்கப்பட்டதால்தான் திரும்பி வந்தது.

நமக்கு அந்தக் காப்பு வாய்க்கவில்லை. 1983 யூலை இனக்கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் நெகடிவ்கள் சாம்பலாயின. அவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்கள். 1990இல் போருக்கு அஞ்சி மன்னார் மக்கள் படகேறி இராமேசுவரம் ஓடினார்கள். ஓட முடியாதவர்களுக்காகப் பேசாலையிலும் மடுவிலும் அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு தஞ்சநிலையங்களைத் திறந்தது.

"படப்பிடிப்பு நேரம் எடுத்த போட்டோ ஏதும் இருக்கா ஐயா?" என்று பேசாலையில் ஒரு முதியவரிடம் கேட்டேன்.

"தம்பி, தொண்ணூறில பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடினதே பெரிய காரியம். போட்டோவை ஆர் பாத்தது?"

அந்தப் பதிலுக்குப் பிறகு கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஓடியவர்களின் பெட்டிகளில் எங்காவது ஒரு படம் போயிருக்கும் என்று இன்னும் நம்புகிறேன். பேசாலையிலிருந்தோ மன்னாரிலிருந்தோ புறப்பட்டு இன்று மண்டபத்திலோ பாரிஸிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர்களே, உங்கள் வீட்டு அல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். படப்பிடிப்புப் புகைப்படமோ திரையரங்கு நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ இருந்தால் அதன் பிரதியை நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுக்கும்முன் அதில் நிற்பவர்களின் பெயர்களையும் கரையின் பெயரையும் பின்புறம் எழுதிவிடுங்கள்.