கூட்டாளி, உடந்தை, கூட்டணி

ஒரு காரியத்துக்காகப் பலர் ஒன்றுசேர்வதையும் அப்படிச் சேர்ந்தவர்களையும் குறிக்கும் சொற்கள் தமிழில் ஏராளம். கூட்டாளி, தோழர், துணைவர், பங்காளி, சேக்காளி, சகா, கையாள் என்பன ஆட்களைக் குறிப்பவை. கூட்டணி, கூட்டமைப்பு, முன்னணி, சங்கம், கழகம், ஒன்றியம் என்பன அமைப்புகளைக் குறிப்பவை. இவற்றுள் பல ‘கூடு’, ‘சேர்’, ‘உடன்’, ‘துணை’ ஆகிய அடிச்சொற்களிலிருந்து கிளைத்தவை. நல்லதற்குக் கூடியவரையும் குற்றத்துக்குக் கூடியவரையும் பெரும்பாலும் ஒரே அடிச்சொல்தான் சுட்டுகிறது. எந்தப் பொருள் என்பதைக் கூடிய காரியம் முடிவு செய்கிறது.

இதற்குக் கூட்டாளி என்ற சொல்லே முதற்சான்று. இலங்கைத் தமிழர் பேச்சில் கூட்டாளி என்றால் நண்பன், அவ்வளவுதான்; பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் அன்போடு சொல்லும் சொல் அது. தமிழ்நாட்டு நாளிதழ்களில் அதே சொல் பெரும்பாலும் காவல்துறைச் செய்திகளில்தான் கண்ணில் படுகிறது: கொள்ளையனின் கூட்டாளி, ரவுடியின் கூட்டாளி. வணிகவியல் பாடநூலிலோ அது மதிப்புள்ள கலைச்சொல். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர் கூட்டாளி. தென்மாவட்டப் பேச்சில் வழங்கும் ‘சேக்காளி’ மட்டும் கறைபடாமல் நட்பையே குறித்து நிற்கிறது. பங்காளியின் கதை வேறு. தந்தைவழிச் சொத்தில் பங்குள்ள உறவினர் என்பதே அதன் பொருள். சொத்து இருக்கும் இடத்தில் வழக்கும் இருக்கும் என்பதால் பங்காளிச் சண்டை என்ற தொடரும் கூடவே வளர்ந்தது.

‘உடன்’ என்பதன் அடியாகப் பிறந்த சொல் உடந்தை. சேர்க்கை, உறவு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. இன்று குற்றத்துக்குத் துணைபோவது என்பதைத் தவிர வேறு எதற்கும் அதைப் பயன்படுத்துவதில்லை. நல்ல காரியத்துக்கு உடந்தையாக இருந்தார் என்று யாரும் எழுதுவதில்லை. அதே ‘உடன்’ சேர்ந்த உடன்பாடு, உடன்பிறப்பு, உடன்போக்கு ஆகியவை பழுதின்றி வாழ்கின்றன.

அக இலக்கணத்தில் துணை நிற்பவருக்குத் தனி இடம் உண்டு. களவு என்று பெயர் பெற்ற மறைவான காதலில் தலைவனின் நண்பன் பாங்கன், தலைவியின் தோழி பாங்கி. அவர்கள் வழியாக நிகழும் சந்திப்புகள் பாங்கற் கூட்டம், பாங்கியிற் கூட்டம் எனப்பட்டன. ஊருக்குத் தெரியாத செயலுக்கு உதவுகிறவள் என்ற வகையில் தோழி உடந்தைதான். ஆனால் உரிய நேரத்தில் உண்மையை வீட்டாருக்குத் தெரிவிப்பவளும் அவளே. அந்தச் செயலுக்கு இலக்கணம் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். மறைவுக்குத் துணைநின்றவரை அறத்தின் பக்கம் நிறுத்திப் பெயரிட்ட இந்த நுட்பம் பழந்தமிழ்ச் சொல்லாட்சியின் உச்சங்களில் ஒன்று.

அரசியலிலும் கூட்டு பழையது. திருக்குறள் அரசுக்குரிய ஆறு உறுப்புகளுள் ஒன்றாக நட்பை எண்ணுகிறது. தீ நட்பு, கூடா நட்பு என்று தவறான சேர்க்கைகளுக்கும் தனித்தனி அதிகாரம் ஒதுக்குகிறது. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் எதிர்கொண்டது சேரன், சோழன், ஐந்து வேளிர் என எழுவர் கூடிய படையை. வெண்ணியில் கரிகாலனை எதிர்த்தவர்கள் சேரனும் பாண்டியனும் பதினொரு வேளிரும். இரண்டு இடத்திலும் கூட்டே தோற்றது. கலிங்க மன்னன் காரவேலனின் ஹாதிகும்பா கல்வெட்டு, தமிழ் அரசுகளின் கூட்டைத் தான் உடைத்ததாகச் சொல்கிறது. அங்கே வரும் சொல் ‘சங்காதம்’.

வணிகர்களின் கூட்டு நீண்டகாலம் நிலைத்தது. ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற குழுக்கள் கடல் கடந்தும் இயங்கின. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தாரைக் குறிப்பிடுகிறது. சுமத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவருடையது.

ஆங்கிலேயருக்கு எதிராகப் பாளையக்காரர்கள் கூடியபோது சொற்களும் இரு பக்கமாகப் பிரிந்தன. 1801 ஜூன் 16 தேதியிட்ட திருச்சிப் பிரகடனத்தில் மருது சகோதரர்கள் எல்லாச் சாதியாரையும் சமயத்தாரையும் ஒன்றுசேர அழைத்தார்கள். கம்பெனியின் கணக்கில் அது கலகம். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனியோடு சேர்ந்த எட்டயபுரத்து அரசரின் பட்டப்பெயரான ‘எட்டப்பன்’ காட்டிக்கொடுப்பவனுக்குரிய பொதுச்சொல் ஆயிற்று. அது ஒரு பரம்பரை முழுவதற்கும் உரிய பட்டம். ஒருவரின் முடிவுக்காக அத்தனை தலைமுறையும் அந்தப் பழியைச் சுமப்பது நியாயமன்று.

சட்டத்தில் இச்சொற்களுக்கு எல்லை வரையப்பட்டுள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 34ஆவது பிரிவு பொது நோக்கத்தையும் 107ஆவது பிரிவு உடந்தையையும் விளக்கின. பொதுவான கூட்டுச் சதி தனிக் குற்றமாக 120ஏ, 120பி பிரிவுகளில் சேர்ந்தது 1913இல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 3(5), 45, 61 ஆகிய பிரிவுகளில் உள்ளன. குற்றத்தில் பங்கேற்றுப் பின் மன்னிப்புப் பெற்றுச் சாட்சி சொல்பவர் அப்ரூவர். அவர் சொல்லுக்கு வேறு ஆதாரத்தின் துணையும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர் மீது வழக்கு நடந்தது. அன்று குற்றப்பத்திரிகையில் சதிகாரர்களாக இருந்தவர்களை இன்று நாம் விடுதலை வீரர்கள் என்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டு கூட்டுச் சொற்களின் பொற்காலம். 1904இல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுச் சங்கமும், 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கமும் எழுந்தன. சோவியத் பயணம் முடிந்து 1932இல் திரும்பிய பெரியார், பெயருக்கு முன் ‘தோழர்’ என்றே அழைக்கும்படி கேட்டுக்கொண்டார். இரண்டாம் உலகப் போர்ச் செய்திகளால் நேச நாடுகள், அச்சு நாடுகள் என்ற தொடர்கள் பரவின. அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு 1976இல் கொழும்பில் நடந்தது. அதே ஆண்டு வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி உருவாயிற்று. தமிழ்நாட்டில் 1967 தேர்தலில் பல கட்சிகளோடு உடன்பாடு கண்ட தி.மு.க. 137 இடங்களில் வென்றது. அதன்பின் கூட்டணி இல்லாத தேர்தல் பேச்சே இங்கு அரிதாயிற்று.

சமமற்ற சேர்க்கைக்குத் தமிழ் தரும் பெயர்கள் கடுமையானவை: கையாள், அடியாள், எடுபிடி, கைக்கூலி. ‘ஒத்து ஊதுதல்’ நாகஸ்வரக் கச்சேரியிலிருந்து வந்த தொடர். ஒத்து என்பது மாறாத ஒரே சுருதியைத் தரும் குழல். அதை இசைப்பவர் இல்லாமல் கச்சேரி நிற்காத காலம் ஒன்று இருந்தது. அந்த அரிய உழைப்பு வசைச்சொல்லாகிவிட்டது வருத்தத்துக்குரியது.

கைதாகும் எல்லாரையும் கூட்டாளி என்று எழுதும் வழக்கத்தைச் செய்தியாளர்கள் கைவிட வேண்டும். தீர்ப்பு வரும்வரை ‘உடன் கைதானவர்’ என்பதே போதும். அகராதி தொகுப்போர் கூட்டாளிக்கு நண்பன் என்ற இலங்கை வழக்கை முதற்பொருளாகத் தர வேண்டும்.