வேப்பும் சிகரெட்டும்: திருவொற்றியூரில் இருந்து ஒரு பழைய கதை

கொஞ்சம் நீளமான இழை. பத்தாவது, பதினொண்ணாவது படிக்கிற பிள்ளைங்க வீட்ல இருந்தா முழுசா படிங்க.

"டாக்டர், பையன் பையில பென்டிரைவ் மாதிரி ஒண்ணு இருந்துச்சு. சிகரெட் இல்லையாம், வெறும் ஆவியாம்." இப்படிச் சொல்ற அம்மாக்கள் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். அந்த நிம்மதி சரியான்னு பார்க்க நூறு வருஷம் பின்னால போகணும். ரொம்ப தூரம் வேண்டாம், நம்ம திருவொற்றியூர் போதும்.

மெட்ரோவுல விம்கோ நகர்னு வருதே, அது தீப்பெட்டி கம்பெனி பேரு. அதே திருவொற்றியூர்லதான் ஐ.டி.சி.யோட பேக்கேஜிங் ஆலையும். அந்தப் பிரிவை 1925ல் தொடங்கினதே சிகரெட் தொழிலுக்குத் தேவையான பெட்டிகளுக்காகத்தான். குச்சியும் பெட்டியும் ஒரே ஊர்ல! பின்னாடி விம்கோவையும் ஐ.டி.சி.யே வாங்கிடுச்சு.

சிகரெட்டுக்கு முன்னாடி பெருசுங்க கையில சுருட்டு. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, தொண்டையை அறுக்கும். அதனால பெரும்பாலும் உள்ளே இழுக்க மாட்டாங்க, வாயிலேயே நிகோடின் ஏறும். சிகரெட்டுக்கான இலையைச் சூடான காற்றில் பதப்படுத்தினாங்க. இலையில் சர்க்கரை தங்கியது, புகை லேசா அமிலமாச்சு, தொண்டை எதிர்ப்பு காட்டல. புகை நேரா நுரையீரலுக்கு, அங்கிருந்து சில நொடியில மூளைக்கு. முதல் தடவை இழுக்கிறவனையும் விரட்டாத புகை. சிகரெட் உலகத்தைப் பிடிச்சதுக்கு இது பெரிய காரணம்.

இப்ப வேப். 2003ல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் இன்றைய இ-சிகரெட்டை உருவாக்கினார். 2015ல் அமெரிக்காவில் வந்த ஜூல், நிகோடினோட பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்தது. அதே வித்தைதாங்க! அன்னைக்கு சூடான காற்று செஞ்ச வேலையை இன்னைக்கு ஒரு அமிலம் செய்யுது. மேல மாம்பழ வாசனை வேற. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வேப் பழக்கம் 2017ல் 11.7%, 2019ல் 27.5%.

சிகரெட் கம்பெனிகள் சும்மா இருக்கல. ஐ.டி.சி. 2014லேயே இயான் என்ற இ-சிகரெட்டை இறக்கியது. மார்ல்போரோ விக்கிற ஆல்ட்ரியா 2018ல் 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலில் 35% பங்கு வாங்கியது.

சரி, வேப் பிடிக்கிற பிள்ளை சிகரெட்டுக்குப் போகுமா? 9 ஆய்வுகளைச் சேர்த்து, 17 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்த 2017 அலசல் ஒண்ணு: வேப் தொட்டவங்க பின்னாடி சிகரெட் தொடங்கும் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு. ஆனா மறுபக்கமும் சொல்லணும். அமெரிக்கப் பள்ளிகளில் சிகரெட் 2011ல் 15.8%ஆக இருந்து 2019ல் 5.8%ஆ இறங்கிடுச்சு. எதையும் முயற்சி பண்ற பிள்ளை ரெண்டையும் தொடும், வேப்பை மட்டும் குத்தம் சொல்லாதீங்கன்னு வாதாடுறவங்க இருக்காங்க. அதுல நியாயமும் இருக்கு.

ஆனா அது அமெரிக்கக் கணக்கு. அங்க சிகரெட்டை ஒண்ணொண்ணா விக்க முடியாது, 2010ல் இருந்தே தடை. இங்க ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் எந்தப் பெட்டிக்கடையிலயும் ஒத்த சிகரெட் கிடைக்கும், பத்த வைக்க லைட்டரும் கயித்துல தொங்கும். 18 வயசுக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு 2003லேயே சட்டம், அது தனிக் கதை. வேப்போ தமிழ்நாட்டில் 2018ல், நாடு முழுக்க 2019ல் தடையான சரக்கு. திருட்டுத்தனமா வருது, விலையும் ஜாஸ்தி. அது தீர்ந்து, கையில காசில்லாத அன்னைக்கு நிகோடின் கேக்கிற மூளை எங்க போகும்? தெருமுனைக்குத்தான். இது என் கணிப்பு.

அதனால பையனை அடிக்காதீங்க, ரெண்டு கேள்வி கேளுங்க. காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் இழுப்பு? அரை மணிக்குள்ளன்னா அடிமைத்தனம் உள்ள போயிடுச்சு. வேப் இல்லாத அன்னைக்கு என்ன பண்றே? பதில் தயங்கி வந்தா, இலவச எண் 1800-11-2356. இல்லன்னா பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. திட்ட மாட்டோம்.