ஒளியின் எல்லைக்கோடு

எல்லை என்னும் சொல்லின் கனத்தை அறிந்த ஊர் திருத்தணி. 1953-இல் ஆந்திரத்தோடு சேர்ந்த அம்மலைநகர், நெடிய போராட்டத்தின் பின் 1960-இல் தமிழ்நிலத்தோடு இணைந்தது. மண்ணுக்கு எல்லை வகுக்கும் நாம், ஒளிக்குள்ளும் ஓர் எல்லை உண்டோ எனக் கேட்பது தகும்.

திருத்தணியில் பிறந்த தத்துவமேதை இராதாகிருஷ்ணன் பயின்ற சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலேயே, பின்னாளில் கோட்டயத்துக்காரரான இ. சி. ஜி. சுதர்சனும் பயின்றார். மாக்ஸ்வெல் ஒளியை மின்காந்த அலையென்றார். 1905-இல் ஐன்ஸ்டைன் அதில் துகளைக் கண்டார். 1927-இல் டிராக் மின்காந்தப் புலத்தையே குவாண்டம் விதிக்குள் கொணர்ந்தார். ஆயின் பழைய அலைக்கொள்கை எதுவரை செல்லும்?

1963-இல் சுதர்சன் விடை தந்தார். எவ்வகை ஒளியையும், லேசரின் ஒழுங்குடைய ஒளிநிலைகள் பலவற்றின் கலவையாக எழுதலாம். அக்கலவையில் ஒவ்வொரு நிலையின் பங்கும் சாதாரண நிகழ்தகவைப் போல நடந்துகொண்டால் அலைக்கொள்கையே போதும். ஏதேனும் ஒரு பங்கு எதிரெண்ணாகிவிட்டால், அவ்வொளியைக் குவாண்டக் கொள்கையன்றி வேறெதுவும் விளக்காது.

இத்துறைக்கான 2005-ஆம் ஆண்டு நோபெல் பரிசில் கிளாபர் பங்குபெற்றார், சுதர்சன் விடுபட்டார். அவர் 2018-இல் மறைந்தார். எனினும் இயற்பியலார் அவ்வாய்பாட்டை இருவர் பெயராலும் வழங்குகின்றனர். பரிசு மறந்த பெயரை, நாள்தோறும் நடக்கும் ஆய்வு நினைவில் வைத்திருப்பதை நாம் நன்றியோடு எண்ணுகிறோம்.